கூட்டாளி எதற்கு, சம்பளத்துக்கே ஆள் கிடைக்கும்போது?

தொழில் தொடங்கப் போகிறேன், கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். அந்த இன்னொருவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களோ, அதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள். மொழிபெயர்ப்பு நிறுவனம் தொடங்க நினைக்கும் தோழி ஒருவர் போன மாதம் கேட்டார். அவரிடமும் இதையே சொன்னேன். "எழுதிக் கொடுக்கிற மாதிரி வேலையாக இருந்தால் நான் ஆள் வைத்துக்கொள்வேனே, பங்கு ஏன் கொடுக்கப் போகிறேன்?" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

நமக்குத் தெரியாத, அல்லது நேரம் கிடைக்காத வேலை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாமே கற்றுக்கொண்டு செய்யலாம். துண்டு துண்டாக வெளியே கொடுத்து வாங்கலாம். சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். பங்கு கொடுத்து ஒருவரைக் கூட்டாளி ஆக்கலாம். இந்த வரிசையில் கடைசியில் இருப்பதற்குத்தான் விலை மிக அதிகம். ஆனால் முதல் நாளில் கையிலிருந்து காசு எதுவும் போகாததால் அதுதான் இலவசம் போலத் தெரியும். சம்பளம் அந்தந்த மாதத்தோடு தீர்ந்துவிடும். பங்கு அப்படியில்லை, தொழில் உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு வருட லாபத்திலும் வந்து உட்காரும். அதோடு ஒவ்வொரு முடிவிலும் வாய் திறக்கும்.

இவ்வளவு விலை கொடுத்து விவரமான ஆட்கள் ஏன் கூட்டுச் சேருகிறார்கள்? தனிமரம் தோப்பாகாது என்று சொல்லி முடித்துவிடலாம்தான். தோப்பில் நிற்கும் மரங்கள் வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஒன்றோடொன்று போட்டி போடுவதை அந்தப் பழமொழி சொல்வதில்லை.

பொருளாதாரத்தில் இந்தக் கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டவர் ரொனால்ட் கோஸ். 1937இல் வந்த அவருடைய கட்டுரை ஒரு வெகுளித்தனமான சந்தேகத்தில் தொடங்குகிறது. சந்தையில் எல்லாமே விலைக்குக் கிடைக்கும் என்றால், நிறுவனம் என்று ஒன்று எதற்கு? ஒவ்வொரு வேலையையும் அன்றன்றைக்கு யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாமே? அவர் கண்ட விடை, சந்தையைப் பயன்படுத்துவதற்கே ஒரு செலவு இருக்கிறது என்பது. ஆளைத் தேட வேண்டும், விலை விசாரிக்க வேண்டும், பேரம் பேச வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும், அப்புறம் சொன்னபடி செய்தாரா என்று பார்க்க வேண்டும். இந்த அலைச்சல் ஒரு அளவைத் தாண்டும்போது, "நீங்கள் இங்கேயே இருங்கள், அன்றன்றைக்கு என்ன செய்வது என்று நான் சொல்கிறேன்" என்று ஒருவரை உள்ளே கூப்பிட்டுக்கொள்வது மலிவாகிவிடுகிறது. 54 வருடம் கழித்து, 1991இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நல்ல விடைதான். ஆனால் கவனித்தால், இது முதலாளிக்கும் வேலையாளுக்கும் இடையிலான கதை. வெளியே வாங்குவதா, ஆள் வைப்பதா என்ற கேள்விக்குக் கோஸ் போதும். ஆள் வைப்பதா, கூட்டாளி வைப்பதா என்ற நம் கேள்வி அங்கே பாதியில் நிற்கிறது. அவர் சொல்லும் நிறுவனத்தில் "என்ன செய்வது என்று நான் சொல்கிறேன்" என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். என்ன செய்வது என்று அந்த ஒருவருக்கே தெரியாதபோது என்ன ஆகும்?

இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம் 250 வருடப் பழசு. ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்குத் தனிக் குளிர்விப்பானைச் சேர்த்து, 1769இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு புழங்கிய நியூகோமன் இயந்திரம் ஒவ்வொரு அசைவுக்கும் உருளையைச் சுடவைத்து, அப்புறம் குளிரவைத்து, நிலக்கரியை வாரித் தின்றது. வாட் செய்த மாற்றத்தில் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும், நீராவி வேறு ஒரு பாத்திரத்துக்குப் போய்க் குளிரும். கண்டுபிடிப்பு கையில் இருந்தும் ஐந்தாறு வருடம் அது தொழிலாக மாறவில்லை. முதல் கூட்டாளியான ஜான் ரோபக், வாட்டின் கடன்களை ஏற்றுக்கொண்டு காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கு வாங்கியிருந்தார். 1773இல் அவரே திவாலானார். அவர் தர வேண்டிய கடனுக்கு ஈடாக அந்தப் பங்கு பர்மிங்ஹாமில் தொழிற்சாலை வைத்திருந்த மாத்யூ போல்ட்டனிடம் போனது.

வாட்டுக்குப் பேரம் பேசுவதென்றால் கசப்பு. கணக்குத் தீர்ப்பதைவிடக் குண்டு நிரப்பிய பீரங்கிக்கு முன்னால் நிற்பேன் என்கிற அளவுக்கு எழுதி வைத்திருக்கிறார். சரி, அப்படியானால் கணக்கு எழுத ஒரு ஆளையும் விற்க ஒரு ஆளையும் சம்பளத்துக்கு வைத்திருக்கலாமே? போல்ட்டன் என்ன செய்தார் என்று பார்த்தால் ஏன் முடியாது என்பது புரியும். காப்புரிமையில் மீதியிருந்த சில வருடம் போதாது என்று கண்டு, நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவர வைத்து, அதை 1800 வரை நீட்டினார்கள். இயந்திரத்தை இந்த விலை என்று விற்காமல், பழைய நியூகோமன் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டார்கள். சுரங்கக்காரர்கள் ஏமாற்றாமல் இருக்க, இயந்திரத்தின் மேலேயே ஒரு சிறு பெட்டியில் எண்ணும் கருவி ஒன்றை வைத்துப் பூட்டினார்கள். இயந்திரம் எத்தனை முறை அசைந்தது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும், சாவி நிறுவனத்திடம். இன்று மாதச் சந்தாவுக்கு மென்பொருள் விற்பவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

அதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது 1781இல் நடந்தது. அதுவரை அவர்களுடைய இயந்திரம் மேலும் கீழும்தான் அசையும். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க அது போதும். வாட்டுக்கும் அதில் குறையொன்றும் தெரியவில்லை. ஆலைகளில் சக்கரம் சுற்ற இயந்திரம் கேட்டு ஊரெல்லாம் பித்துப் பிடித்து அலைகிறார்கள், சுழலும் இயந்திரம் செய்யுங்கள் என்று போல்ட்டன்தான் அவரை விடாமல் நச்சரித்தார். வாட் அந்த ஆண்டே அதற்கான பற்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை எடுத்தார். சுரங்கங்களோடு முடிந்திருக்க வேண்டிய ஒரு பொருள் பஞ்சாலைக்கும் மாவாலைக்கும் போனது அப்படித்தான்.

இப்போது 1775இல் போல்ட்டனோடு கூட்டுச் சேரும்போது வாட் அந்தத் தாளை எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? கணக்குப் பார்க்க, பட்டறை நடத்த, கடன் வாங்க. "ஆறு வருடம் கழித்து நான் போக விரும்பாத சந்தைக்கு என்னைப் பிடித்துத் தள்ள வேண்டும்" என்று ஒரு வரி அதில் இருந்திருக்காது. அதை வேலையாளிடம் கேட்டு வாங்க முடியாது, ஒப்பந்தத்தில் எழுதவும் முடியாது. ஏனென்றால் எழுதும் நேரத்தில் எழுதுகிறவருக்கே அது தெரியாது.

இந்த இடத்தை ஆலிவர் ஹார்ட் என்ற பொருளியலாளர் 1980களிலிருந்து விரிவாகப் பேசினார். எந்த ஒப்பந்தமும் முழுமையாக இருக்காது, எழுதாமல் விட்ட சூழ்நிலை ஒன்று எப்போதும் வரும். அப்போது முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே உடைமையாளர். இதை நம் கேள்விக்குப் பொருத்திப் பாருங்கள். ஒருவர் தன் மூளையையும் வருடங்களையும் உங்கள் தொழில் ஒன்றுக்கே போட வேண்டும், அந்தத் தொழிலுக்கு வெளியே அதற்கு மதிப்பு கிடையாது என்றால், நாளைக்கு நீங்கள் அவரை வெளியே தள்ளிவிட முடியாது என்ற உறுதி அவருக்கு வேண்டும். சம்பளம் அதைத் தராது. பங்கும் வாக்கும் தரும். உறுதி இல்லாவிட்டால் அவர் அரை மனதோடுதான் வருவார், வேறு இடத்துக்கும் உதவுகிற மாதிரிப் பொதுவான திறமைகளை மட்டும் வளர்த்துக்கொள்வார். அவர் செய்வது நியாயமும்கூட.

இதே காரணத்தால் பணம் ஒன்றுக்காக மட்டும் கூட்டாளி சேர்ப்பது எனக்கு எப்போதுமே தவறாகப் படுகிறது. பணத்துக்கு விலை எழுத முடியும். இடைக்கால இத்தாலியத் துறைமுகங்களில் கொமென்டா என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒருவர் கரையில் இருந்துகொண்டு முதல் முழுவதையும் போடுவார், இன்னொருவர் சரக்கோடு கப்பல் ஏறுவார். திரும்பி வந்ததும் லாபத்தில் நான்கில் மூன்று பங்கு பணம் போட்டவருக்கு, ஒரு பங்கு பயணம் போனவருக்கு. கப்பல் மூழ்கினால் முதல் போட்டவருக்குப் பணம் போச்சு, போனவருக்கு உழைப்பு போச்சு. கவனிக்க வேண்டியது இது ஒரு பயணத்துக்கு மட்டும் என்பதை. பயணம் முடிந்தால் கணக்கும் முடிந்தது. உங்களுக்குத் தேவை முதல் மட்டும்தான் என்றால் கடன் வாங்குங்கள், அல்லது இப்படி முடிவு தேதியுள்ள ஏற்பாட்டைப் பாருங்கள். ஒரு முறை பணம் கொடுத்தவரை ஆயுளுக்கும் முடிவெடுக்கும் மேசையில் உட்காரவைக்கக் கூடாது.

கூட்டுச் சேர்வதற்கு இன்னும் இரண்டு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஒன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லியம் பிராக்டர் மெழுகுவத்தி செய்தவர், ஜேம்ஸ் கேம்பிள் சோப்பு செய்தவர். இருவரும் சின்சினாட்டியில் தனித்தனியாகத் தொழில் நடத்தினார்கள், அக்கா தங்கையைக் கல்யாணம் செய்திருந்தார்கள். மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் மூலப்பொருள் ஒன்றுதான், விலங்குக் கொழுப்பு. ஒரே கொழுப்புக்காக எதற்கு அடித்துக்கொள்கிறீர்கள், சேர்ந்து வாங்குங்கள் என்றார் மாமனார். 1837இல் ஆளுக்கு 3,596 டாலர் 47 சென்ட் போட்டு பிராக்டர் அண்ட் கேம்பிள் தொடங்கியது. ஒரே பொருளை வாங்கும், ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்தும், ஒரே கிடங்கை நிரப்பும் இருவர் சேர்வதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பொதுவாகக் கொள்முதல் செய்யும் ஒப்பந்தமே பல நேரம் போதும் என்பேன். மாமனார் வீட்டு உறவு இல்லாமல் அந்தக் கூட்டு எத்தனை நாள் ஓடியிருக்குமோ.

இரண்டாவது காரணம் ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்வது. வழக்கறிஞர்கள் ஏன் கூட்டாக அலுவலகம் நடத்துகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளாதாரம் ஓடும்போது நிறுவனங்களை இணைக்கும், விற்கும் வேலை செய்பவருக்குப் பணம் கொட்டும். சரியும்போது திவால் வழக்கு நடத்துபவருக்கு நேரமே இருக்காது. இருவரும் ஒரே கல்லாவில் போட்டுப் பிரித்துக்கொண்டால் இருவருக்கும் நல்ல வருடம், கெட்ட வருடம் என்ற ஏற்ற இறக்கம் குறையும். இதற்குக் காப்பீடு எடுக்கக் கூடாதா என்றால், "உங்கள் வருமானம் குறைந்தால் நாங்கள் தருகிறோம்" என்று எந்தக் காப்பீட்டு நிறுவனமும் சொல்லாது. சொன்னால் நாம் மறுநாளே காலை நீட்டிப் படுத்துவிடுவோம் என்று அதற்குத் தெரியும். பக்கத்து அறையில் இருக்கும் கூட்டாளிக்கு நாம் படுத்திருக்கிறோமா, உண்மையிலேயே வேலை இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். அதனால் அவரால் அந்தக் காப்பீட்டைத் தர முடிகிறது. பத்து நாள் காய்ச்சலில் படுத்தால் தொழிலே நின்றுவிடும் என்ற பயம் தனியாகத் தொழில் செய்த எல்லோருக்கும் பழக்கமானது. அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி மறுபக்கம். இதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இருக்கிறது. நானும் கல்லூரித் தோழர் ஒருவரும் ஐந்து வருடம் சரிபாதிப் பங்கில் சிறு மென்பொருள் நிறுவனம் நடத்தினோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்களுடைய பில் மென்பொருள் தசமப் புள்ளிக்கு அப்புறம் தவறாகக் கூட்டுகிறது, உடனே பாருங்கள் என்று. அஞ்சல் இருவருக்கும் வந்தது. இருவரும் படித்தோம். அவர் படித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும், நான் படித்துவிட்டேன் என்று அவருக்கும் தெரியும். அவர்தானே நிரல் எழுதுகிறவர், பார்ப்பார் என்று நான் இருந்தேன். வாடிக்கையாளரிடம் பேசுவது இவன்தானே, முதலில் பதில் போடட்டும் என்று அவர் இருந்தார். செவ்வாய்க்கிழமை காலை அந்த வாடிக்கையாளர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். தனியாக இருந்த காலத்தில் நான் ஒரு அஞ்சலையும் அப்படி விட்டதில்லை. சம்பள ஆள் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன், அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

எங்கள் இருவரில் யாரும் சோம்பேறி இல்லை. இது கணக்கில் இருக்கும் கோளாறு. சரிபாதிக் கூட்டில் நான் ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்து நூறு ரூபாய் சம்பாதித்தால் என் கைக்கு வருவது ஐம்பது. அலுப்பு மட்டும் முழுசாக என்னுடையது. நான்கு பேர் கூட்டென்றால் இருபத்தைந்து, பத்துப் பேர் என்றால் பத்து. 1982இல் பெங்க்ட் ஹோம்ஸ்ட்ராம் என்ற பொருளியலாளர் இதைக் கணிதமாகவே காட்டினார்: வருவது முழுவதையும் குழுவுக்குள்ளேயே பிரித்துக்கொள்ளும்வரை, எப்படி மாற்றி மாற்றிப் பங்கு போட்டாலும் எல்லோரையும் முழு மனதோடு உழைக்கவைக்க முடியாது. ஹார்ட்டோடு சேர்ந்து அவரும் 2016இல் நோபல் பெற்றார். ஒருவர், கூட்டாளி ஏன் தேவை என்பதைச் சொன்னார் என்றால் இன்னொருவர், கூட்டாளி ஏன் தொல்லை என்பதைச் சொன்னார். பரிசை இருவரும் பாதிப் பாதியாகத்தான் பிரித்துக்கொண்டார்கள் என்பது ஒரு வேடிக்கை.

ஹோம்ஸ்ட்ராமுக்குப் பத்து வருடம் முன்பு, 1972இல், ஆர்மென் ஆல்ச்சியன், ஹெரால்ட் டெம்செட்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு எளிய காட்சியை முன்வைத்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கனமான பெட்டியை லாரியில் ஏற்றுகிறார்கள். ஏற்றிய பிறகு, இதில் யார் எவ்வளவு தூக்கினார்கள் என்று சொல்ல முடியாது. தனித்தனியாகத் தூக்கவும் முடியாது. அப்படியானால் யாராவது ஒருவர் தூக்காமல் நின்று, யார் முக்குகிறார் யார் முக்குகிற மாதிரி நடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். அந்தப் பார்வையாளரை யார் பார்ப்பது? மற்றவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் முழுவதும் அவருக்கே என்று வைத்துவிட்டால், அவரைப் பார்க்க ஆள் வேண்டாம். அவர்கள் கணக்கில் முதலாளி பிறக்கும் இடம் இதுதான். ஆகவே வேலை இப்படி ஒருவர் நின்று பார்த்தால் தெரிந்துவிடும் வகை என்றால், ஒரு முதலாளியும் சம்பள ஆட்களும் இருப்பதே நல்லது. பார்த்தாலும் தெரியாது, யோசிக்கிறாரா சும்மா இருக்கிறாரா என்று சொல்லவே முடியாத வகை என்றால், பங்கு கொடுப்பதைத் தவிர வேறு வழி குறைவு. அப்போதும் இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று பேர். ஐந்து நண்பர்கள் சம பங்கில் தொடங்கப் போகிறோம் என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் அதே தோழர்தான் ஒரு முறை என்னைக் காப்பாற்றினார், அதையும் சொல்ல வேண்டும். பெரிய ஒப்பந்தம் ஒன்று, மொத்தத் தொகை பேசி முடித்தாயிற்று, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். அவர் மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, "தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்று இருக்கிறதே, எத்தனை மாற்றம்?" என்றார். வாங்குகிறவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. பிறகு அந்த வேலையை எடுத்த வேறொரு நிறுவனம் ஒன்றரை வருடம் மாற்றங்கள் செய்துகொண்டே இருந்ததாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் சம்பளம் வாங்கும் ஆள் அந்த மேசையில் என் கையைப் பிடித்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்திருந்தாலும், முதலாளி முடிவெடுத்துவிட்டார், நமக்கென்ன என்று இருந்திருப்பார்.

சட்டப் பக்கம் வந்தால் கதை வேறு மாதிரி பயமுறுத்தும். சாதாரணக் கூட்டு வணிகத்தில் பல நாடுகளின் சட்டப்படி கூட்டாளி வாங்கிய கடன் என் கடனும்தான். அவரிடம் ஒன்றும் இல்லை, என்னிடம் வீடு இருக்கிறது என்றால் கடன்காரர் என்னிடம்தான் வருவார். ஆப்பிள் தொடங்கிய கதையில் மூன்றாவதாக ஒருவர் உண்டு, ரொனால்ட் வெய்ன். 1976 ஏப்ரல் 1ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வோஸ்னியாக்கோடு அவரும் கையெழுத்துப் போட்டார். அவருக்கு 10 சதவீதம், மற்ற இருவருக்கும் தலா 45. பன்னிரண்டாவது நாள் விலகிக்கொண்டார், பங்குக்கு 800 டாலர் வாங்கிக்கொண்டு. இதை உலகத்தின் மிகப் பெரிய முட்டாள்தனம் என்று எழுதுகிறவர்கள் அவருடைய நிலையில் நின்று பார்ப்பதில்லை. முதல் ஆர்டருக்குப் பாகங்கள் வாங்க ஜாப்ஸ் கடன் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு இளைஞர்களிடமும் பிடுங்க ஒன்றும் கிடையாது. வெய்னிடம் கொஞ்சம் சொத்து இருந்தது, முன்பு ஒரு தொழிலில் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவமும் இருந்தது. பத்து சதவீத லாபத்துக்கு நூறு சதவீதக் கடன் பொறுப்பு. அன்றைக்கு அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நானும் ஓடியிருப்பேன். தவறு அந்த அமைப்பில் இருந்தது. ஆப்பிள் முறையான கம்பெனியாக, அதாவது கடன் பங்குதாரர்களின் சொந்தச் சொத்துக்கு வராத அமைப்பாக, பதிவானது 1977 ஜனவரியில்தான். ஒன்பது மாதம் முன்பே அது நடந்திருந்தால் வெய்ன் இருந்திருக்கக்கூடும்.

இப்படிக் கடன் பொறுப்பைக் கட்டுப்படுத்த மட்டும் கம்பெனி வேண்டும் என்றால் அதற்குக் கூட்டாளியே தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். லண்டனில் காலணி செய்த ஆரன் சாலமன், அன்றைய சட்டம் ஏழு பங்குதாரர் கேட்டதால் மனைவி மக்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்து, மீதி எல்லாவற்றையும் தன்னிடமே வைத்துக் கம்பெனி தொடங்கினார். அது நொடித்தபோது, இது வெறும் முகமூடி, கடனை அவரே கட்ட வேண்டும் என்று வழக்கு வந்தது. 1896இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, கம்பெனி வேறு சாலமன் வேறு என்று தீர்ப்புச் சொன்னது. இன்று பல நாடுகளில் ஒருவரே கம்பெனி தொடங்க நேரடியாக வழி இருக்கிறது.

பிரியும்போது என்ன ஆகும்? ஜெர்மனியில் டாஸ்லர் சகோதரர்கள் ஒரே காலணித் தொழிற்சாலையை இருபது வருடத்துக்கும் மேல் நடத்தினார்கள். தம்பி அடால்ஃப் (செல்லமாக 'அடி') காலணி செய்வார், அண்ணன் ரூடி விற்பார். வாட், போல்ட்டன் மாதிரியே பொருத்தமான ஜோடி. 1948இல் முறிந்தது. ஒருவர் அடிடாஸ், இன்னொருவர் பூமா, அதே சிற்றூரில், ஆற்றின் இரு கரையில். இரண்டும் நன்றாகத்தான் வளர்ந்தன, ஆனால் அண்ணன் தம்பி கடைசிவரை ஒட்டவில்லை. பொருத்தம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். போல்ட்டனும் வாட்டும் தொடக்கத்திலேயே 25 வருடத்துக்கு என்று தேதி குறித்திருந்தார்கள். 1800இல் காப்புரிமையோடு கூட்டும் முடிந்தது, தொழிலை மகன்களிடம் கொடுத்துவிட்டு நண்பர்களாகவே இருந்தார்கள்.

ஆகவே கூட்டு என்று முடிவானால், முதல் நாளே எழுதவேண்டியது பிரிவதைப் பற்றி. இன்று ஸ்டார்ட்அப்களில் வழக்கமாக இருப்பது, பங்கை ஒரேயடியாகக் கொடுக்காமல் நான்கு வருடத்தில் சிறிது சிறிதாகச் சேரவிடுவது. முதல் வருடம் முடியும் முன்பே ஒருவர் போய்விட்டால் அவருக்கு எதுவும் கிடையாது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சேர்ந்திருக்க முடியாது என்று ஆகும்போது ஒருவர் ஒரு விலை சொல்ல வேண்டும். அந்த விலைக்கு, சொன்னவரின் பங்கை வாங்குவதா, தன் பங்கை விற்பதா என்று மற்றவர் தேர்ந்தெடுப்பார். பலகாரத்தை ஒருவர் வெட்டி இன்னொருவர் எடுக்கும் சிறுபிள்ளைக் கணக்குதான். ஆனால் ஒருவர் கையில் பணம் இருந்து இன்னொருவர் கையில் இல்லாவிட்டால் இது அநியாயமாகிவிடும், மற்றவர் எந்த விலை சொன்னாலும் ஏழைக் கூட்டாளியால் விற்கத்தான் முடியும். சரிபாதிப் பங்கு வைத்தால் முட்டுக்கட்டை விழும்போது யார் சொல் நிற்கும் என்பதையும் எழுதுங்கள். நாங்கள் எழுதவில்லை. எங்கள் கூட்டு முடிய எடுத்த எட்டு மாதத்தில் ஆறு மாதம் அதற்கே போனது.

தனியாகச் செய்வதன் பக்கம் நான் குறைவாகப் பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. முதலீட்டாளர்கள் தனி ஆளைப் பார்த்தால் தயங்குவது உண்மை. ஆனால் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய நிறுவனங்களை ஆராய்ந்த இரண்டு ஆய்வாளர்கள், தனி ஆள் தொடங்கியவை குழுக்கள் தொடங்கியவற்றைவிட அதிக காலம் தாக்குப்பிடிப்பதைக் கண்டார்கள். வருமானத்திலும் இருவர் ஜோடிகளைவிடக் குறையவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சண்டை போட ஆளில்லாத இடத்தில் சண்டையால் மூட வேண்டியதில்லை. ஜெஃப் பெசோஸ் 1994இல் அமேசானைத் தொடங்கியபோது சம பங்குக் கூட்டாளி யாரும் கிடையாது. ஆட்களை வேலைக்கு எடுத்தார். புத்தகம் விற்பதில் என்னென்ன வேலை இருக்கும் என்பதை அவரால் ஓரளவு எழுதிப் பார்க்க முடிந்தது. முன்பு ஒரு ஆள் தேவைப்பட்ட கணக்கு, வடிவமைப்பு, விளம்பரம் எல்லாம் இன்று மாதக் கட்டணச் சேவைகளாகிவிட்டன. கோஸ் சொன்ன தேடும் செலவும் பேரச் செலவும் இணையத்தில் நிறையக் குறைந்துவிட்டன. அதனால் வெறும் கைவேலைக்காகக் கூட்டுச் சேரும் காரணம் வருடா வருடம் தேய்கிறது.

தோழி தாளோடு திரும்பி வந்தார். ஒன்பது வரி. சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பது, மெய்ப்புப் பார்ப்பது, பில் போடுவது, வாடிக்கையாளரைத் தேடுவது, இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என்று போனது. ஒவ்வொன்றாகப் பேசினோம். மொழிபெயர்ப்பை வார்த்தைக் கணக்கில் வெளியே கொடுக்கலாம், தரத்தையும் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடித்தோம். மெய்ப்புக்குப் பகுதிநேர ஆள். அடித்தோம். வாடிக்கையாளர் தேடுவதில் கொஞ்சம் தகராறு, தரகு சதவீதம் கொடுத்துப் பார்க்கலாம் என்று அதையும் அடித்தோம். எட்டு வரி போன பிறகு கடைசி வரி மட்டும் மிஞ்சியது. முதலில் வேறு ஏதோ எழுதி, அதை அழித்துவிட்டு எழுதியிருந்தார்: "செய்ய முடியாத தேதிக்கு நான் ஒத்துக்கொள்ளும்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும், நானும் கேட்க வேண்டும்."

கூட்டாளியாக நினைத்திருந்தவரை அன்று மாலையே கூப்பிட்டார். அந்த ஒரு வரிக்கு எத்தனை சதவீதம் என்பதில் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இவர் இருபது என்கிறார், அவர் முப்பத்தைந்து கேட்கிறார். பிரியும்போது என்ன செய்வது என்ற பக்கத்தை மட்டும் எழுதி முடித்துவிட்டார்கள்.